ஸ்கோப் ஜீரோ செய்யும்போது தோட்டாக்களைத் தின்னும் தவறுகள்

குறிவைத்த இடத்திலேயே தோட்டா படும்படி ரைஃபிளின் ஸ்கோப்பைச் சரிசெய்வதுதான் ஜீரோ. ஒரு தோட்டா சுட வேண்டியது, இலக்கு அட்டையைப் பார்க்க வேண்டியது, ஸ்கோப்பின் திருப்புகுமிழை, அதாவது டரட்டை, இரண்டு கிளிக் திருப்ப வேண்டியது, மறுபடி ஒரு தோட்டா. ஜீரோ செய்கிறேன் பேர்வழி என்று நிறைய பேர் செய்வது இதைத்தான். பெட்டி காலியாகும், ஜீரோ மட்டும் வராது.

எவ்வளவு நல்ல ரைஃபிளும் எல்லாத் தோட்டாவையும் ஒரே ஓட்டையில் போடாது. உங்களுடையது 100 மீட்டரில் 4 செ.மீ. வட்டத்துக்குள் போடுகிறது என்று வையுங்கள். முதல் தோட்டா வட்டத்தின் வலது ஓரத்தில் விழுகிறது, உடனே 2 செ.மீ. இடப்பக்கம் திருப்புகிறீர்கள். அடுத்தது இயல்பாகவே இடது ஓரத்தில் விழ வேண்டிய தோட்டா, நீங்கள் திருப்பியதும் சேர்ந்து 4 செ.மீ. தள்ளிப்போகிறது. பதறிப்போய் திரும்ப வலப்பக்கம். இதற்கு முடிவே கிடையாது. குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து தோட்டாக்களை ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவிலிருந்து அளந்து, அப்புறம் டரட்டைத் தொடுங்கள்.

கிளிக் கணக்கிலும் தடுக்கி விழுகிறார்கள். மில், எம்ஓஏ இரண்டும் கோண அளவுகள். 0.1 மில் ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்றால் 100 மீட்டரில் 1 செ.மீ.; கால் எம்ஓஏ ஸ்கோப்பில் ஏறக்குறைய 7 மி.மீ. ஆனால் 25 மீட்டரில் அதே கிளிக் நாலில் ஒரு பங்குதான் நகர்த்தும். அங்கே 5 செ.மீ. நகர மில் ஸ்கோப்பில் 20 கிளிக் வேண்டும், ஐந்து கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப் பழுது என்று சொல்லக்கூடாது. டரட்டில் உள்ள அம்புக்குறி பொதுவாகத் தோட்டா படும் இடம் நகரும் திசையைச் சொல்கிறது, குறுக்குக்கோட்டின் திசையை அல்ல.

25 மீட்டரில் தொடங்குவது நல்ல பழக்கம், அங்கேயே முடிப்பதுதான் தவறு. ஸ்கோப் குழலுக்கு மேலே 4 செ.மீ. போல உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் 100 மீட்டர் ஜீரோவுக்கு, .308 (ஒரு தோட்டா அளவு) போன்ற ரைஃபிளில், 25 மீட்டரில் ஒன்றரை செ.மீ. அளவுக்குக் கீழே பட்டால் சரி. லேசர் வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான்: தோட்டா அட்டையில் விழும் அளவுக்குக் கொண்டுவரும், அதற்குமேல் எதுவும் செய்யாது.

இனி திருகு. நான் ஒரு மதியம் முழுக்க, இருபதுக்கு மேல் தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, ஸ்கோப்பைத் திட்டி, காற்றைத் திட்டி, கடைசியில் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் முன்வளையத் திருகில் சாவியை வைத்தால் விரல் நுனியாலேயே அரைச் சுற்று போகிறது. இப்போதெல்லாம் முதல் வேலை அதுதான், முறுக்கு விசையை அளக்கும் டார்க் சாவியால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு. கையால் முறுக்கித் தள்ளினால் ஸ்கோப் குழாய் நசுங்கும், அதுவும் தொல்லைதான்.

தாங்கும் விதத்தில் கவனம் வையுங்கள்: மணல் பை முன்கட்டைக்கு அடியில் இருக்கட்டும், குழலுக்கு அடியில் வைத்தால் படும் இடம் மாறும். கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படியட்டும். ரைஃபிளை அசைக்காமல் தலையை மட்டும் லேசாக அசைத்துப் பாருங்கள், குறுக்குக்கோடு இலக்கின் மேல் நீந்தினால் பாரலாக்ஸ் (இலக்கும் குறுக்குக்கோடும் ஒரே தளத்தில் தெரியும்படி வைக்கும் அமைப்பு) சரியாக இல்லை.

தோட்டா வகையை மாற்றினால் ஜீரோவும் மாறும். மலிவானதில் ஜீரோ செய்துவிட்டு, வேட்டைக்கு வேறு எடையுள்ள குண்டைப் போடுவது வேட்டையாடிகள் அடிக்கடி செய்வது, எனக்கு இன்றுவரை புரியாததும் அதுதான்.

நீண்ட தூரத்துக்கு, தோட்டா எவ்வளவு இறங்கும் என்று கணக்கிடும் செயலியில் வரும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 100 கெஜத்தில் ஜீரோ செய்த .308 தோட்டா 300 கெஜத்தில் ஓர் அடிக்கும் மேல் இறங்கும். உங்கள் குழலின் வேகம் பெட்டியில் அச்சடித்த வேகமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்தத் தூரத்திலேயே சுட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேகவேகமாகச் சுட்டுக் கொதிக்கும் குழலில் ஜீரோ எடுப்பதும் வீண். வேட்டையில் முக்கியம் குளிர்ந்த குழலின் முதல் தோட்டா. ஜீரோ முடிந்த மறுநாள் காலை வந்து ஒன்றே ஒன்று சுடுங்கள், ஓட்டை எங்கே என்று அட்டையில் தேதியோடு எழுதுங்கள். இப்படி நாலைந்து காலைகள் பார்த்தபின் டரட்டின் மூடியைத் தளர்த்தி 0-வில் வைத்துப் பூட்டலாம்.