கயாக்கில் துப்பாக்கியோடு மீன் பிடிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

டெக்சாஸிலோ ஃபுளோரிடாவிலோ கயாக்கில், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகில், மீன் பிடிக்கிற இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எப்படியும் துப்பாக்கியில் வந்து நிற்கும். விடிவதற்கு முன் ஆளில்லாத படகுத்துறை, சிக்னல் கிடைக்காத சதுப்பு, முதலை, பாம்பு, குடித்துவிட்டு வம்புக்கு வரும் படகுக்காரன் என்று காரணங்கள் வரிசையாக வரும். வைத்துக்கொள்வது சரியா தப்பா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. வீட்டுக்கு வெளியேயும் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்வது உரிமைதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இன்று பெர்மிட்டே தேவையில்லை. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, ஃபுளோரிடாவில் 2023 ஜூலையிலிருந்து அப்படித்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், தரையில் பழகிய பழக்கத்தை அப்படியே தண்ணீருக்குக் கொண்டுபோகும்போது. கயாக்கில் ஏறியதும் சட்டமும் மாறுகிறது, உடம்பு அசையும் விதமும் மாறுகிறது.

முதலில் விசாவைப் பாருங்கள்

நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 என்று குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. மாநிலத்தில் பெர்மிட் வேண்டாம் என்பதால் இந்தத் தடை நீங்கிவிடாது. சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் பலரும் சொல்வது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. கவனியுங்கள், வேட்டை லைசென்ஸ். கடையில் அதே கவுன்ட்டரில், அதே மாதிரிக் காகிதத்தில் தரும் மீன்பிடி லைசென்ஸுக்கு இந்த விஷயத்தில் ஒரு மதிப்பும் இல்லை. அந்த விதிவிலக்கு பெடரல் தடைக்கு மட்டும்தான். மாநிலம் தன் பங்குக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கலாம். ஃபுளோரிடா கேட்கிறது.

"துப்பாக்கி நண்பனுடையது, நான் சும்மா கூட வருகிறேன்" என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. இரண்டு பேர் உட்காரும் கயாக்கில், "கொஞ்சம் பிடி, நான் நங்கூரம் போடுகிறேன்" என்று அவர் உங்கள் கையில் கொடுத்தால் அந்த நிமிடம் அது உங்களிடம் இருக்கிறது. கிரீன் கார்டு இருந்தால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தவறின் விலை வேறு. குடிமகன் அபராதம் கட்டி முடித்துக்கொள்ளும் ஒரு துப்பாக்கிக் குற்றம், கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தும் காரணமாக ஆகலாம். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். படகுத்துறையில் கிடைக்கும் சட்ட ஆலோசனை ஒரு காசுகூடப் பெறாது.

தண்ணீர் யாருடையது என்று கேட்காமல் இறங்குவது

வாஷிங்டன் பக்கம் இருப்பவர்களுக்குப் போடோமாக் ஆறு தெரிந்திருக்கும். 2004-லிருந்து அங்கே ஸ்னேக்ஹெட் மீன் பெருகிக் கிடக்கிறது. நம்மூர் விராலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்பதால் நம்மாட்கள் தேடிப்போய்ப் பிடிக்கிறார்கள். வர்ஜீனியாக் கரையில், வர்ஜீனியா பெர்மிட்டோடு, இடுப்பில் துப்பாக்கியோடு நிற்கும்வரை ஒன்றும் தப்பில்லை. கயாக்கைத் தண்ணீரில் தள்ளி ஏறி உட்கார்ந்ததும் நீங்கள் இருப்பது மேரிலாந்து. 1632-ஆம் ஆண்டு சாசனத்திலிருந்து வரும் எல்லை அது. ஆற்றின் நடுவில் ஓடாமல், வர்ஜீனியாக் கரையின் தாழ்நீர்க் கோட்டை, அதாவது நீர் வற்றும்போது தண்ணீர் நிற்கும் விளிம்பை, ஒட்டியே ஓடுகிறது. வேறு எந்த மாநிலத்துப் பெர்மிட்டையும் மேரிலாந்து ஏற்பதில்லை. கொஞ்ச தூரம் மேலே துடுப்புப் போட்டால் வாஷிங்டன் டி.சி.; அங்கேயும் உங்கள் வர்ஜீனியா பெர்மிட் செல்லாது. இந்த ஆற்றில் மீன்பிடி லைசென்ஸை இரண்டு மாநிலங்களும் பரஸ்பரம் ஏற்றுக்கொள்வதால், துப்பாக்கிக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுவது சுலபம். பென்சில்வேனியாவுக்கும் நியூ ஜெர்சிக்கும் நடுவே ஓடும் டெலவேர் ஆற்றிலும் இதே ஆபத்து. பென்சில்வேனியாப் பக்கம் சாதாரண விஷயம், நியூ ஜெர்சிப் பக்கம் சிறை வரை போகும்.

அடுத்தது, அணைக்கட்டு ஏரிகள். அட்லாண்டாக்காரர்களின் லேக் லேனியர், டாலஸ்காரர்களின் லூயிஸ்வில், கிரேப்வைன், லவான் ஏரிகள் எல்லாம் அமெரிக்க ராணுவப் பொறியியல் படையின் கையில் இருப்பவை. நாடு முழுக்க இப்படி 400-க்கு மேற்பட்ட நீர்நிலைகள் உண்டு. அவர்களுடைய விதிப்புத்தகத்தில், வேட்டைக்கோ மீன்பிடிப்புக்கோ அனுமதிக்கப்பட்ட விதத்தில் பயன்படுத்துவது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, தோட்டா போட்ட துப்பாக்கிக்கு நெடுங்காலமாகவே தடை இருந்து வந்திருக்கிறது. மீன் பிடிக்கும்போது தற்காப்புக்காக இடுப்பில் இருப்பது மீன் பிடிக்கப் பயன்படுத்தும் துப்பாக்கி ஆகாது. மாவட்ட அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. இந்தத் தடையை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களும் உண்டு. ஆகவே கிளம்பும் முன் அந்தந்த ஏரியின் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காக்களில் கதை வேறு. 2010 பிப்ரவரியிலிருந்து அங்கே அந்த மாநிலத்தின் சட்டமே செல்லும். ஆனால் வரைபடம் வாங்கப் பார்வையாளர் மையத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்தால் அது மத்திய அரசுக் கட்டடம், குற்றம்.

நாட்டு எல்லையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டெக்சாஸின் ஃபால்கன், அமிஸ்டாட் ஏரிகளில் பாதித் தண்ணீர் மெக்சிகோவினுடையது. மிஷிகனில் டெட்ராய்ட் ஆறும் செயின்ட் கிளேர் ஏரியும் கனடாவோடு பங்கு. மோட்டார் இல்லாத கயாக்கைக் காற்று தள்ளிக்கொண்டு போகும். பெரிய மீன் மாட்டினால் அது இழுத்துக்கொண்டு போகும். மெக்சிகோவில் அனுமதியில்லாத துப்பாக்கிக்குச் சிறை. கனடா 2022 அக்டோபரில் தனிநபர்கள் கைத்துப்பாக்கி கொண்டுவருவதையே நிறுத்திவிட்டது. இந்த நீர்நிலைகளில் ஜிபிஎஸ்ஸில் எல்லைக்கோடு தெரியாமல் துப்பாக்கியோடு இருப்பது வேண்டாத வேலை.

லைஃப் ஜாக்கெட்டோடு மல்லுக்கட்டும் துப்பாக்கி

2023-ல் அமெரிக்காவில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்ததாகக் கடலோரக் காவல்படையின் அறிக்கை சொல்கிறது. காரணம் தெரிந்த இறப்புகளில் நான்கில் மூன்று பேர் மூழ்கி இறந்தவர்கள். மூழ்கியவர்களில் விவரம் தெரிந்தவர்களைப் பார்த்தால் 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. கயாக்கில் உங்களைக் கொல்லக்கூடியது யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. அதனால்தான், துப்பாக்கியை எடுக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று ஜாக்கெட்டைத் திறந்துவிட்டோ கழற்றி வைத்தோ உட்காருவதை எல்லாத் தவறுகளிலும் மோசமானது என்பேன்.

இடைஞ்சல் என்பது உண்மைதான். கால்களை நீட்டி உட்காரும்போது இடுப்புக்குப் பின்பக்கம் இருக்கும் துப்பாக்கி உறையை நாற்காலியின் சட்டமும் பட்டையும் அடைத்துவிடும். முன்பக்கம் வைத்தால் வயிறு மடிகிறது, குழல் தொடையைப் பார்த்து நிற்கிறது, மேலே ஜாக்கெட் மூடிக்கொள்கிறது. இதற்காகப் பலர் மார்பில் கட்டும் உறைக்கு மாறுகிறார்கள். எடுப்பது சுலபம்தான். ஆனால் கவிழ்ந்தபின் மறுபடி ஏறும்போது என்ன செய்கிறோம்? காலை உதைத்து, கயாக்கின் விளிம்பின்மேல் மார்பையும் வயிற்றையும் இழுத்துப் போட்டு, அப்புறம் புரண்டு உட்காருகிறோம். மார்பில் துருத்திக்கொண்டிருக்கும் கைப்பிடி சரியாக அந்த விளிம்பில் போய் மாட்டும். குளிர்ந்த தண்ணீரில் விரல்கள் மரத்துப்போக அதிக நேரம் ஆகாது. இரண்டு முறை முயன்று ஏற முடியாவிட்டால் மூன்றாவது முறைக்குத் தெம்பு இருக்காது.

எந்த உறை உங்களுக்குப் பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது. சோதிக்கும் வழி தெரியும். நிஜத் துப்பாக்கியின் அளவிலேயே நீல நிறப் பிளாஸ்டிக்கில் பயிற்சித் துப்பாக்கி விற்கிறார்கள். அதை உறையில் போட்டு, ஜாக்கெட்டின் பட்டைகளை எல்லாம் இறுக்கி, இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழுங்கள். ஏறிப் பாருங்கள். உறையில் பொருள் நின்றதா, விளிம்பில் மாட்டியதா, ஜாக்கெட் கழுத்துக்கு ஏறியதா என்று அப்போது தெரியும். கூட ஒருவர் கரையில் நிற்கட்டும்.

ஜாக்கெட்டின் பையில் உறையில்லாமல் போட்டுவைப்பது இன்னொரு வழக்கம். அந்தப் பையில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள்: தூண்டில் நரம்பு வெட்டும் கத்தரி, சாவி, அவசரத்தில் திணித்த ஒரு லூர் (செயற்கை இரை). லூரின் மூன்று முள் கொக்கி விசை வளையத்துக்குள் போய் மாட்டிக்கொள்கிறது. நீங்கள் லூரை இழுக்கிறீர்கள். மீதியை எழுத வேண்டியதில்லை. விசையை முழுதாக மூடும் கெட்டியான உறை, கவிழ்ந்தாலும் விழாத பிடிப்பு, இவை இரண்டும் இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள்.

முதுகுக்குப் பின்னாலிருக்கும் பெட்டிக்குள் வைப்பதும் அவ்வளவு உசிதமில்லை. பின்னால் திரும்பிக் கையை நீட்டுவதுதான் கயாக் கவிழ்வதற்கான சுலபமான வழி. தொலைந்துவிடும் என்று நீளக் கயிற்றில் கட்டுவதையும் விடுங்கள். தலைகீழான கயாக்கின் அடியில் கழுத்தையோ காலையோ சுற்ற ஒரு கயிறு கூடுதலாக எதற்கு?

எதைச் சுடப்போகிறீர்கள்?

பாம்பைச் சுடுகிறேன் என்பவர்கள் ஒரு விஷயத்தை யோசிப்பதில்லை. மரக்கிளையிலிருந்து பாம்பு விழுவது உங்கள் காலடியில். அங்கே சுட்டால் தோட்டா போவது கயாக்கின் அடித்தட்டு வழியாக, வழியில் உங்கள் பாதம் இருந்தால் அதன் வழியாகவும். துடுப்பின் தட்டையான முனையால் தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது. தெற்கு மாநிலங்களில் காட்டன்மவுத் என்ற விஷப் பாம்பு என்று பயந்து அடிக்கப்படுபவற்றில் விஷமில்லாத தண்ணீர்ப் பாம்புகள் நிறைய. முதலைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தூண்டில் மீனைப் பறிக்க வந்தது என்பதற்காகச் சுட்டால் வழக்கு உங்கள்மேல்தான். நரம்பை அறுத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள், ஒரு மீன்தானே.

தண்ணீர் மெத்தென்று இருக்கிறதே, தோட்டா அதற்குள் போய்விடும் என்ற எண்ணமும் தப்பு. தாழ்ந்த கோணத்தில் பட்டால் தட்டைக் கல் போலத் தோட்டாவும் தெறித்துக் கிளம்பும். சாதாரணக் கைத்துப்பாக்கித் தோட்டாவே ஒரு மைலுக்கு மேல் போகக்கூடியது. எதிர்க்கரையில் வீடுகள், துறையில் குழந்தைகள். உங்கள் மேடையோ ஆடிக்கொண்டே இருக்கிறது. "எச்சரிக்கைக்காக ஒன்று சுடுவது" என்பதை மனதிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

மனிதர்கள் விஷயத்தில் நடக்கும் தவறு பெரும்பாலும் கோபத்தில்தான். பெரிய மோட்டார் வைத்த பாஸ் போட் (பாஸ் மீன் பிடிக்கும் வேகப் படகு) ஒன்று வேண்டுமென்றே உரசிக்கொண்டு போகிறது, அலையில் நீங்கள் கவிழப் பார்க்கிறீர்கள். சட்டையைத் தூக்கிக் கைப்பிடியைக் காட்டினால் போதும், அடுத்தமுறை செய்ய மாட்டான் என்று தோன்றும். மிரட்டும் விதமாகக் காட்டுவதே பல மாநிலங்களில் தனிக் குற்றம். 911-க்கு அவர் முதலில் அழைத்தால், "கயாக்கில் துப்பாக்கியோடு ஒருவன்" என்பதுதான் காவலர்கள் கேட்கும் கதை. அவர் படகின் முன்பக்கத்தில் பதிவெண் பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் படம் எடுத்துக் கேம் வார்டனுக்கு, அதாவது வேட்டை, மீன்பிடி விதிகளைக் கவனிக்கும் அதிகாரிக்கு, கொடுங்கள். வேகத்தில் மோட்டாரை ஜெயிக்க முடியாது, சரி. ஆனால் அரையடித் தண்ணீரில், பாசிக்கும் நாணலுக்கும் நடுவில் கயாக் போகும், அந்தப் படகு வராது. நியூயார்க் போன்ற மாநிலங்களில், பத்திரமாக விலக வழி இருந்தும் விலகாமல் சுட்டால் தற்காப்பு என்ற வாதமே நிற்காது. ஃபுளோரிடாவில் 2005 முதல் விலக வேண்டிய கடமை இல்லை. இருந்தாலும் விலகுவதே நல்லது என்பது என் எண்ணம்.

வார்டன் வந்தால்

தண்ணீரில் உங்களை நிறுத்திப் பார்ப்பவர் பெரும்பாலும் கேம் வார்டன். லைசென்ஸ், லைஃப் ஜாக்கெட், பிடித்த மீனின் அளவு, இவ்வளவுதான் கேட்பார். துடுப்பை மடியில் குறுக்கே வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் வையுங்கள். லைசென்ஸ் துப்பாக்கிக்குப் பக்கத்துப் பையில் இருந்தால் பேசாமல் கையை விடாதீர்கள், முதலில் சொல்லுங்கள். மிஷிகன், வட கரோலினா போன்ற இடங்களில் மறைத்து வைத்திருப்பதை நீங்களாகவே சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஐஸ் பெட்டியில் பியர் இருந்தால் துப்பாக்கி வீட்டில் இருக்கட்டும்.

போகும் வழியும் திரும்பிய பிறகும்

பெர்மிட் தேவையில்லாத மாநிலம் என்று பெர்மிட் எடுக்காமலே இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்திய சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலம் கொடுத்த லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. இல்லாவிட்டால் தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஏரிக்குப் போகும் சாலையில் பள்ளி இல்லாத ஊர் எது? பெர்மிட் எடுத்துவிடுவது நல்லது.

ஏரியில் அனுமதியில்லை என்று தெரிந்ததும் துப்பாக்கியைக் காரின் முன்பெட்டிக்குள் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கூரையில் கயாக் கட்டும் கம்பிகளோடு படகுத்துறையில் நிற்கும் வண்டி, உரிமையாளர் மூன்று மணி நேரத்துக்கு வரமாட்டார் என்று திருடனுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. இருக்கைக்கு அடியில் எஃகு வடத்தால் பிணைத்த பூட்டுப்பெட்டி இல்லையென்றால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பெட்டியில் வைப்பதையும் வீட்டு வாசலிலேயே முடித்துவிட வேண்டும், துறையில் நாலு பேர் பார்க்க அல்ல.

கடலில் பிடித்துவிட்டு வந்தால் தூண்டில் ரீலைக் கழுவுகிற அன்றே துப்பாக்கியையும் கழுவ வேண்டும். துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கும் வில்சுருள்களும் ஊசிகளும் அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தோட்டாவை எல்லாம் எடுத்து, குழலின் தோட்டா அறை காலி என்று இரண்டு முறை பார்த்து, பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, காயவிட்டு, எண்ணெய் போடுங்கள். தோட்டாக்கூட்டையும் பிரிக்க வேண்டும், உப்பு தங்குவது அதன் வில்சுருளில்தான். தண்ணீரில் முழுகிய தோட்டாக்களைத் தற்காப்புக்கு நம்பாதீர்கள். தனியே எடுத்து வைத்து, சுடுதளத்துக்குப் போகும்போது என்ன செய்வது என்று அங்கே கேளுங்கள். புதிய தோட்டாக்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.