திரைவாசிப்பான் திரையைப் பார்ப்பதில்லை: மேசைக்கணினி நிரல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வையற்றோர் கணினியைப் பயன்படுத்த உதவும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர் வைத்ததே ஒரு விதத்தில் வினையாகிவிட்டது. பெயரைக் கேட்டவுடன், திரையில் தெரியும் எழுத்துகளைப் பார்த்து உரக்கப் படிக்கும் கருவி அது என்று நிரலாளர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். எழுத்து தெளிவாக இருந்தால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்றும் நம்பிவிடுகிறார்கள். உண்மையில், 2006-இல் மைக்கேல் கரன் விண்டோஸுக்காகத் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் ஆனாலும், லினக்ஸில் க்னோம் திட்டத்தின் ஓர்கா ஆனாலும், திரையில் விழும் படத்தைப் பெரும்பாலும் நோக்குவதே இல்லை. நிரல் தன்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறதோ, அதைக் கேட்டு வாங்கித்தான் இவ்விரண்டு கட்டற்ற மென்பொருள்களும் படிக்கின்றன.

அந்தச் செய்தி ஒரு மரத்தின் வடிவில் இருக்கிறது. சாளரம் வேர் என்றால், அதற்குள் இருக்கும் பட்டியல், உரைப்பெட்டி, தேர்வுப்பெட்டி ஆகியவை கிளைகள். ஒவ்வொரு கிளையும் தன் பெயர் என்ன, தான் எந்த வகை உறுப்பு, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, தன்னிடம் உள்ள மதிப்பு என்ன என்று சொல்லியாக வேண்டும். விண்டோஸில் யுஐ ஆட்டோமேஷன், ஐஆக்சசிபிள்2 போன்ற இடைமுகங்களும், லினக்ஸில் ஏடி-எஸ்பிஐ இடைமுகமும் இந்த மரத்தைத் திரைவாசிப்பானிடம் கொண்டு சேர்க்கின்றன. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மரத்தை மறந்துவிட்டுப் படத்தை மட்டும் நினைத்து எழுதுவதால் வருபவை.

அவற்றுள் பெருந்தவறு, கருவித்தொகுப்பு (நிரலின் தோற்றத்தை அமைக்க உதவும் ஆயத்த உறுப்புகளின் நூலகம்) ஆயத்தமாகத் தரும் பொத்தான்களையும் பட்டியல்களையும் ஒதுக்கிவிட்டு, அழகுக்காக எல்லாவற்றையும் வெற்றுப் பரப்பில் தாமே வரைந்துகொள்வது. க்யூடி, ஜிடிகே போன்ற தொகுப்புகளின் வழக்கமான உறுப்புகள் தாமாகவே மரத்தில் இடம்பெற்றுவிடும். வகையையும் நிலையையும் அறிவிக்க நிரலாளர் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. கையால் வரைந்த பொத்தானோ கண்ணுக்கு மட்டுமே பொத்தான். மரத்தில் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். அதற்காக, தனியாக வரையவே கூடாது என்று சொல்ல வரவில்லை, ஏனெனில் சில நிரல்களுக்கு வேறு வழியே கிடையாது. ஒலிப்பதிவு நிரலான ஆடாசிட்டி ஒலியலைத் தடங்களைத் தானேதான் வரைகிறது. ஆனால் தடத்தின் பெயரையும், அது தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா, ஒலியடக்கப்பட்டுள்ளதா என்பதையும் விண்டோஸின் அணுகல் இடைமுகத்துக்குச் சொல்வதற்கென்றே தனி நிரல்வரிகளை அதன் உருவாக்குநர்கள் எழுதி வைத்திருப்பதால், பார்வையற்ற ஒலிப்பதிவாளர்கள் பலர் அதை நம்பி வேலை செய்கிறார்கள். எல்லாவற்றையும் தாமே வரையும் புதிய கருவித்தொகுப்புகளுக்கு, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ஆக்சஸ்கிட் என்னும் திறமூல நூலகம் இந்த வேலையைப் பெருமளவு எளிதாக்கியிருக்கிறது. வரைபவர் மரத்தையும் சேர்த்தே நட வேண்டும் என்பதுதான் கணக்கு.

அடுத்தது பெயரிடுதல். படம் மட்டும் உள்ள கருவிப்பட்டைப் பொத்தானுக்குப் பெயர் தராமல் விட்டால், டேப் விசையை அழுத்தி நகர்பவருக்குப் ‘பொத்தான், பொத்தான், பொத்தான்’ என்றுதான் கேட்கும். அவற்றில் எது கோப்பை அழிக்கும், எது சேமிக்கும் என்று அவர் அழுத்திப் பார்த்துத்தான் அறிய வேண்டும். இதை உணர்ந்தவர்கள் சில நேரங்களில் எதிர்ப்பக்கம் சாய்ந்து, ‘சேமி பொத்தான்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். வகையைத் திரைவாசிப்பானே சொல்லும் என்பதால் அது ‘சேமி பொத்தான் பொத்தான்’ என்று ஒலிக்கும். உரைப்பெட்டிக்கு இடப்புறம் ‘மின்னஞ்சல்’ என்ற சொல்லை எழுதிவிட்டு இரண்டையும் இணைக்காமல் விடுவதும் இதே இனம்தான். பக்கத்தில் இருப்பது கண்ணுக்குத்தான் உறவைக் காட்டும். மரத்தில் அந்த உறவை நிரலாளர்தான் சொல்ல வேண்டும். க்யூடியிலும் ஜிடிகேயிலும் ‘மின்னஞ்சல்’ போன்ற எழுத்துச் சீட்டை அதற்குரிய பெட்டியோடு பிணைக்க ஒரே ஒரு வரி போதும்.

நிலை மாறும் பொத்தான்களில் இன்னும் நுட்பமான ஒரு குழப்பம் உண்டு. ஒலியை அடக்கும் பொத்தானை அழுத்தியதும் அதன் பெயரை ‘ஒலியடக்கு’ என்பதிலிருந்து ‘ஒலியை மீட்டெடு’ என்று மாற்றி, கூடவே அதை ‘அழுத்தப்பட்டது’ என்றும் அறிவித்தால், கேட்பவருக்கு ‘ஒலியை மீட்டெடு, அழுத்தப்பட்டது’ என்று வரும்; ஒலி இப்போது இருக்கிறதா இல்லையா என்பது அவருக்குப் புதிராகிவிடும். பெயரை மாற்றுங்கள், அல்லது நிலையை மாற்றுங்கள், இரண்டையும் மாற்றாதீர்கள். பெயர்களைப் பற்றி இன்னொன்று: திரையில் தெரியாத இந்தப் பெயர்களும் மொழிபெயர்க்கப்பட வேண்டியவையே. அவற்றை மொழிபெயர்ப்புக் கோப்பில் சேர்க்காமல் விட்டால், இடைமுகம் முழுவதும் தமிழில் இருக்க, பொத்தான்கள் மட்டும் ஆங்கிலத்தில் பேசும். அதையும் தமிழ்க் குரல் உச்சரிக்கும்போது கேட்பவர் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

விசைப்பலகையால் எட்ட முடியாத வசதி, பார்வையற்றவருக்கு இல்லாத வசதி. சுட்டியால் இழுத்துத்தான் வரிசையை மாற்ற முடியும் என்றால், அதே வேலைக்கு ஒரு பட்டிக்கட்டளையும் வேண்டும். இது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஃபோகஸ், அதாவது விசைப்பலகையின் அழுத்தங்கள் இப்போது எந்த உறுப்புக்குப் போகின்றன என்ற இடம், தொலைந்துபோவதைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் நினைப்பதில்லை. பயனர் ஒருவர் பட்டியலிலிருந்து ஓர் உருப்படியை அழிக்கிறார். ஃபோகஸ் அந்த உருப்படியின் மேல்தான் இருந்தது. உருப்படி போனதும் ஃபோகஸும் எங்கோ போய்விடுகிறது. பார்ப்பவருக்கு அடுத்த வரி கண்ணெதிரே இருக்கிறது, கேட்பவருக்கோ மௌனம். அடுத்த உருப்படிக்கோ, அது இல்லையென்றால் முந்தையதற்கோ ஃபோகஸைக் கையோடு நகர்த்துவது சில வரி வேலை. குறுக்குவிசைகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் கவனம் தேவை: இன்செர்ட், கேப்ஸ் லாக் ஆகிய விசைகளை என்விடிஏவும் ஓர்காவும் தம் சொந்தக் கட்டளைகளுக்கு வைத்துக்கொள்கின்றன.

ஃபோகஸ் இல்லாத இடத்தில் நடக்கும் மாற்றங்களை நிரல்தான் அறிவிக்க வேண்டும். சாளரத்தின் அடியில் ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று சிவப்பில் எழுதினால் மட்டும் போதாது, மாற்றத்தைத் திரைவாசிப்பானுக்குத் தெரிவிக்கும் நிகழ்வையும் எழுப்ப வேண்டும். அதேசமயம் ஒவ்வொரு விழுக்காட்டு முன்னேற்றத்தையும் உரையாக அறிவிப்பது தொல்லை. முறையான முன்னேற்றப்பட்டையாக இருந்தால், என்விடிஏ அதை உயர்ந்துகொண்டே போகும் பீப் ஒலியாகத் தானே மாற்றிக்கொள்ளும்.

நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு ஒன்றும் உண்டு: நிரலுக்குள்ளேயே ஒரு பேச்சுப்பொறியை வைத்து, ‘எங்கள் நிரல் பேசும்’ என்று அறிவிப்பது. பயனருக்கு ஏற்கெனவே ஒரு குரல் இருக்கிறது. பழகியவர்கள் அதைப் புதியவருக்குப் புரியாத வேகத்தில் வைத்துக் கேட்கிறார்கள். உங்கள் நிரலின் குரல் அதன்மேல் ஏறிப் பேசும்போது இரண்டும் புரியாது. மேலும், பலர் கேட்பதில்லை, தொட்டுப் படிக்கிறார்கள். செவித்திறனும் இல்லாதவர்களுக்கு எழுத்துகளை விரலால் தொட்டறியும் புள்ளிகளாக உயர்த்திக் காட்டும் பிரெயில் காட்சிக்கருவி ஒன்றே வழி. என்விடிஏவும் ஓர்காவும் லிப்லூயிஸ் என்னும் திறமூல நூலகத்தின் துணையோடு மரத்தில் உள்ள செய்தியை பிரெயிலாக்குகின்றன. நேராக ஒலிபெருக்கிக்குப் போகும் பேச்சு அந்தக் கருவிக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

சோதிக்கும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு திரைவாசிப்பானைக் கேட்பதில் பயன் குறைவு, ஏனெனில் காதில் விழாததைக் கண் நிரப்பிவிடும். என்விடிஏவில் திரையை முழுக்கக் கருமையாக்கும் வசதி இருக்கிறது; அதை இயக்கிவிட்டு, ஒரு கோப்பைத் திறந்து, திருத்தி, சேமித்து, வெளியேற முடிகிறதா என்று பாருங்கள். மரத்தையே நேரில் பார்க்க வேண்டுமானால் லினக்ஸில் ஆக்செர்சைசர் உண்டு, விண்டோஸில் ஆக்சசிபிலிட்டி இன்சைட்ஸ் உண்டு. பெயரற்ற பொத்தானை இவை காட்டிக்கொடுக்கும். பெயர் பொருத்தமானதா என்பதை மனிதர்தான் சொல்ல முடியும், அதுவும் அன்றாடம் இதைக் கொண்டே வேலை செய்பவர் சொன்னால்தான் அது தீர்ப்பு.

பிழை தெரிந்த பிறகு, அதைத் திரைவாசிப்பான் திட்டத்தின் தலையில் கட்டுவது கடைசித் தவறு. என்விடிஏவில் குறிப்பிட்ட நிரல்களுக்கென்று தனித்தனிப் பைதான் துணைக்கோப்புகள் எழுத வழியுண்டு என்பது உண்மை. ஆனால் அப்படிப் போடும் ஒட்டு ஓர்கா பயனருக்கு உதவாது, உங்கள் நிரலின் அடுத்த பதிப்பில் பிய்ந்தும் போகலாம். நிரலிலேயே திருத்த முடிவதை நிரலில் திருத்துங்கள். கருவித்தொகுப்பின் குறை என்றால் அங்கே தெரிவியுங்கள். ஒருமுறை திருத்தியது மீண்டும் உடையாமல் காக்கவும் அதே மரம் உதவும்: டாக்டெய்ல் என்னும் திறமூலச் சோதனைக் கருவி, ஏடி-எஸ்பிஐ மரத்தில் பொத்தான்களைப் பெயரால் தேடி அழுத்துகிறது. யாராவது ஒரு பெயரைத் தவறுதலாக நீக்கிவிட்டால், பயனர் தடுமாறுவதற்கு முன்பே சோதனை தோற்றுவிடும்.