திருவிதாங்கூர் காலத்துப் பிரமாணத்தைப் படித்தறியும் முறை

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து, அன்றைய சென்னை மாநிலத்தில் கன்னியாகுமரி மாவட்டமாயின. அதற்கு முன்பு எழுதப்பட்ட நிலப் பிரமாணங்களோ, அதாவது நிலப் பத்திரங்களோ, இன்றும் பழைய அரசின் மொழியிலும் ஆண்டுக்கணக்கிலும் நாணயத்திலுமே நம் வீடுகளில் இருக்கின்றன. மலையாளத்தில் இருக்கிறதே என்று அவற்றை ஒதுக்கிவிடுவது பெரும் இழப்பு. முறையாக அணுகினால் எவரும் அவற்றின் சாரத்தை அறிந்துகொள்ளலாம்.

முதலில் தேதியைப் பாருங்கள். அது கொல்லம் ஆண்டில் இருக்கும். இந்த ஆண்டு நம் ஆவணியாகிய சிங்ஙத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறந்து, ஆடியாகிய கர்க்கடகத்தில் முடிகிறது. ஆகவே ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடியவுள்ள தேதியானால் 824-ஐயும், ஜனவரி முதல் ஆகஸ்ட் நடுவரை உள்ளதானால் 825-ஐயும் கூட்ட வேண்டும். 1110 சிங்ஙம் என்றால் 1934. அதே 1110-இன் மகரம், அதாவது தை மாதம், 1935. மார்கழியாகிய தனு மாதத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை: அது டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிவதால், ஏறத்தாழ 17-ஆம் தேதிக்குப் பிறகு ஆங்கில ஆண்டு மாறிவிடும். உங்கள் கணக்கைச் சரிபார்க்க ஓர் அடையாளம்: மாவட்டம் இணைந்த நாள் 1132 துலாம், அதாவது ஐப்பசி மாதத்தில் வருகிறது.

அடுத்து, எழுதிக்கொடுத்தவரும் எழுதிவாங்கியவரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று கண்டறியுங்கள். மிகுதியான குழப்பம் இங்குதான் நேர்கிறது. நாஞ்சில்நாட்டு வேளாளரும் நாயர் குடும்பத்தாரும் மருமக்கள்வழியைப் பின்பற்றிய காலத்தில், சொத்தைக் கையாண்டவர் குடும்பத்தின் மூத்த ஆணாகிய காரணவர்; உரிமை அவருடைய மகனுக்கல்ல, சகோதரியின் மக்களுக்கே சென்றது. உகந்துடைமை என்ற பெயரில் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு கிடைத்ததும் உண்டு. நாஞ்சில்நாட்டு வேளாளரிடையே, கொல்லம் 1101-இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகே இந்த முறை மாறத் தொடங்கியது. எனவே அதற்கு முந்தைய பிரமாணத்தில் தந்தையின் பெயரைத் தேடி அது கிடைக்காவிட்டால், தொடர்ச்சி அறுந்துவிட்டதாக முடிவுசெய்யாமல், தாய்மாமன் வழியைத் தேடிப் பாருங்கள்.

பிறகு இடம். அந்நாளில் வருவாய் ஊரைப் பகுதி என்றே குறித்தார்கள். பழைய விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் பரப்பிலிருந்து கிள்ளியூர், திருவட்டாறு வட்டங்கள் பின்னர் உருவானதால், பிரமாணத்திலுள்ள வட்டத்தின் பெயரை மட்டும் கொண்டு இன்றைய அலுவலகத்தை முடிவுசெய்யக் கூடாது. அதுபோல, பழைய சர்வே எண்ணை இன்றைய பட்டாவின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடாமல், இரண்டையும் இணைத்துக் காட்டும் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஏக்கரும் சென்டும் பழையதில் இருக்க, இன்றைய பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். ஓர் ஏர் என்பது சுமார் 2.47 சென்ட். வயல்களுக்கு, விதைக்கும் நெல்லின் அளவைக் கொண்டு பரப்பைச் சொல்லும் விதைப்பாட்டுக் கணக்கே தரப்பட்டிருந்தால், அதைச் சென்டாக மாற்ற முயலாமல் நான்கெல்லைகளை நம்புங்கள். குளம், தோடு (ஓடை), கோயில் நிலம் போன்றவை எல்லையாகச் சொல்லப்பட்டிருந்தால் அவை பெரும்பாலும் இன்றும் நேரில் காணக்கூடியவை.

விலையைப் பொறுத்தவரை, ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 7 பணம் அல்லது 28 சக்கரம். ஒரு சக்கரத்துக்கு 16 காசு.

மொழிக்கு அஞ்ச வேண்டாம். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டால், நம் மாவட்டத்துக்காரருக்குப் பெரும்பகுதி விளங்கிவிடும். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பொருள் எழுதுவது அதற்கடுத்த வேலை. ஒத்தி என்று வருகிறதா, விலை என்று வருகிறதா என்பதை மட்டும் இருமுறை உறுதிசெய்யுங்கள், ஏனெனில் ஒத்தி அடமானமே. அதில் உரிமை கைமாறுவதில்லை.

தேதி, பெயர்கள், பிரமாண எண் ஆகிய மூன்றும் தெளிவான பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கும் வில்லங்கச் சான்றுக்கும் விண்ணப்பிக்கலாம். மூலத் தாளை எவரிடமும் ஒப்படைக்காமல், ஒளிநகலையே கொண்டு செல்லுங்கள்.