ராஜ வீட்டுச் சம்பந்தத்தைச் சீர் நோட்டு போட்டுப் படிப்பது எப்படி

அம்பாசமுத்திரத்தில் என் வீட்டு மச்சுக்குச் சாயங்காலம் எம்.ஏ. வரலாறு படிக்கிற பிள்ளைகள் சிலர் வருவார்கள். ஐரோப்பிய வரலாறு தொடங்கியதும் எல்லோரும் தடுமாறுவது ராஜ குடும்பத்துக் கல்யாணங்களில்தான். திரும்பத் திரும்ப லூயி, பிலிப், சார்லஸ். யாருக்கு யார் மருமகன் என்று பிடிபடாமல் ஆண்டுகளை மட்டும் உருப்போடுவார்கள். நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி என் ஆச்சியிடம் கற்றது.

ஊரில் எந்தச் சம்பந்தச் செய்தி வந்தாலும் ஆச்சி கேட்பாள்: "என்ன மொறை? என்ன சீரு? எம்புட்டு வந்திருக்கு, எம்புட்டு பாக்கி? நாளைக்குச் சொத்து யாருக்குப் போகும்?" மாப்பிள்ளையின் அழகும் படிப்பும் அப்புறம்தான். இந்தக் கேள்விகளை அப்படியே ஐரோப்பாவிடம் கேளுங்கள்.

முதலில் படம். நோட்டைக் குறுக்காக வைத்து நடுவில் ஓர் ஆறு வரையுங்கள். ஒரு கரையில் பிரான்ஸ், மறு கரையில் ஸ்பெயின். பிடசோவா என்ற நிஜமான எல்லை ஆறு அது. 1615-ல் அங்கேதான் இரண்டு அரச வீடுகளும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. ஸ்பெயின் அரசரின் மகள் ஆன், பிரான்சின் 13-ம் லூயிக்கு. லூயியின் தங்கை எலிசபெத், ஆனின் தம்பி பிலிப்புக்கு. பத்தமடைப் பாயில் மணமக்கள் பெயரைச் சேர்த்து நெய்வதுபோல ஒவ்வொரு ஜோடியையும் ஒரே கோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் வயதையும் எழுத வேண்டும்: ஆனுக்கு 14, எலிசபெத்துக்கு 13 நிறையவில்லை, பிலிப்புக்கு 10. வயது இல்லாமல் ஒரு பெயரையும் நோட்டில் ஏற்றவே கூடாது என்பேன். 'உடன்படிக்கை' என்று படித்துக்கொண்டே போனால், அந்த ஆற்றைக் கடந்தது ஒரு சிறுமி என்பது மறந்துபோகிறது.

இனி ஒரு தலைமுறை கீழே. ஆனின் மகன் 14-ம் லூயி. பிலிப்புக்கும் எலிசபெத்துக்கும் பிறந்தவள் மரியா தெரசா. லூயிக்கு அவள் தாய்மாமன் மகள். அவள் அம்மா லூயியின் சொந்த அத்தை என்பதால் அத்தை மகளும் அவளே. 1660-ல் இருவருக்கும் கல்யாணம் நடந்தபோது இருவருக்கும் வயது 21.

"உரிமைப் பொண்ணைத்தானே கட்டுனான், டீச்சர்" என்று இந்த இடத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். இல்லை. நமக்கு முறையாக இருப்பது அங்கே தடை. நெருங்கிய உறவில் மணம் முடிக்கக் கத்தோலிக்கத் திருச்சபை அனுமதிக்காது. போப்பிடம் விலக்கு வாங்க வேண்டும். அதனால் 'முறை' என்ற கட்டத்தில் விலக்கு யார் கொடுத்தது, எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாங்கிய விலக்கைச் செல்லாது என்று பிறகு ஒருவர் கிளப்ப முடியும். அண்ணன் ஆர்தரின் விதவையான கேத்தரினை இங்கிலாந்தின் 8-ம் ஹென்றி மணக்க 1503-ல் போப் 2-ம் ஜூலியஸ் விலக்கு கொடுத்தார். 1509-ல் கல்யாணம். 1533-ல் அந்தக் கல்யாணமே செல்லாது என்று இங்கிலாந்தில் தீர்ப்பு வந்தது. அந்தத் தகராறில் ஒரு நாடே ரோமைவிட்டுப் பிரிந்தது.

அடுத்தது சீர். அதிக நேரம் செலவிட வேண்டியது இதில்தான். என் அத்தை கல்யாணத்தில் 5 பவுன் பாக்கி நின்றது. 11 வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அத்தை தீபாவளிக்குக்கூடத் தாய்வீட்டுக்கு வரவில்லை. பாக்கி என்ற சொல்லின் கனம் எனக்கு அப்போதே தெரியும்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: பேசியது, வந்தது, பாக்கி. லூயி–மரியா தெரசா கல்யாணத்துக்கு, 1659-ல் பிரான்சும் ஸ்பெயினும் செய்த பிரனீஸ் சமாதான உடன்படிக்கையில் பேசிய சீர் 5 லட்சம் பொன் நாணயம். வந்தது எது என்று தேடினால் பத்தி காலி. ஸ்பெயின் கஜானாவில் பணமில்லை. அதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். பிரான்சில் பெண்ணுக்கும் பெண்வழி வாரிசுக்கும் அரியணை கிடையாது. ஸ்பெயினில் ஆண் வாரிசு இல்லையென்றால் மகளுக்கு வரும். அதனால் மரியா தெரசா தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுத்தாள். பிரெஞ்சுத் தரப்பு அதில் ஒரு நிபந்தனையைச் செருகியது: சீர்ப்பணம் வந்து சேர்வதன் பேரில்தான் அந்த விட்டுக்கொடுப்பு செல்லும். பணம் வரவில்லை, ஆகவே உரிமை போகவில்லை என்றார் லூயி.

1665-ல் லூயியின் மாமனார் பிலிப் இறந்தார். ஸ்பெயின் அரியணை இளைய தாரத்து மகனான சிறுவன் சார்லஸுக்குப் போனது. அப்போது ஸ்பெயின் வசம் இருந்த நெதர்லாந்துப் பகுதியில் சில இடங்களில் மூத்த தாரத்து மகளுக்கே முன்னுரிமை என்ற சொத்து வழக்கம் இருந்தது. அதைக் காட்டி 1667-ல் லூயி படையோடு நுழைந்தார். லீல் முதலான கோட்டை நகரங்கள் பிரான்சுக்குப் போயின. 1700-ல் சார்லஸ் பிள்ளை இல்லாமல் இறந்தபோது, அரியணைக்கு வந்தது மரியா தெரசாவின் பேரன். அதை ஒட்டி 1714 வரை போர். ஆச்சியின் கடைசிக் கேள்வியை இங்கே பொருத்திப் பாருங்கள்.

சரி, ஒரு சம்பந்தம் ஏன் அவசரமாக நடந்தது என்று புரியாவிட்டால், அதற்கு முன் பக்கத்து வீட்டில் நடந்த கல்யாணத்தைப் பாருங்கள். பிரான்சும் ஸ்பெயினும் சம்பந்தி ஆனதும், 1640-லிருந்து ஸ்பெயினோடு போராடிய போர்ச்சுகல் தனித்துப்போனது. கடலிலோ டச்சுக்காரர்கள், நம் தூத்துக்குடியை 1658-லேயே போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்திருந்தார்கள். படைத்துணை தேடிய போர்ச்சுகல், இளவரசி கேத்தரினை 1662-ல் இங்கிலாந்தின் 2-ம் சார்லஸுக்குக் கொடுத்தது. அவளுக்கு வயது 23. நோட்டை எடுங்கள். பேசியது: வட ஆப்பிரிக்கத் துறைமுகமான டான்ஜியர், பம்பாய், 20 லட்சம் குருசாடோ என்ற போர்ச்சுகீசிய நாணயம். டான்ஜியர் 1662-லேயே கைக்கு வந்தது. பம்பாய் 1665-ல்தான். பணத்தில் ஒரு பகுதி ரொக்கமாக வராமல் சர்க்கரையாகவும் சரக்காகவும் வந்தது. மீதி வருஷக்கணக்கில் இழுத்தது. 1668-ல் அரசர் பம்பாயை ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்தார். இந்த வரியை எழுதும்போது எனக்கு இன்றும் கை கொஞ்சம் நிற்கும்.

இப்போது நீங்களே ஒன்று போடுங்கள். 1496–97: ஸ்பெயினின் ஹுவானா, நெதர்லாந்துப் பகுதியை ஆண்ட பர்கண்டி வீட்டுப் பிலிப்புக்கு, பிலிப்பின் தங்கை மார்கரெட் ஹுவானாவின் அண்ணன் ஹுவானுக்கு. நடுவில் ஆற்றுக்குப் பதில் கடல் வரையுங்கள். ஹுவானாவைக் கொண்டுபோன கப்பல்கள்தான் மார்கரெட்டை ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தன. கல்யாணமாகி ஆறு மாதத்தில் ஹுவான் இறந்துவிட்டான். அங்கிருந்து கோட்டை இழுத்து, 1516-ல் ஸ்பெயின் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு பேருக்கும் வயது எழுத மறக்க வேண்டாம்.