மராக்கெஷ் கடைத்தெருவில் பேரம், சாப்பாடு: முதல்முறை போகிறவர்களுக்கு

மொரோக்கோவின் மராக்கெஷில், மதிலுக்குள் இருக்கும் பழைய நகரமான மெதினாவில் பெரும்பாலும் ரொக்கம்தான் செல்லும். ஏடிஎம்மில் பெரும்பாலும் 100, 200 திர்ஹாம் தாள்களே வரும். தண்ணீர் பாட்டில் ஏதாவது வாங்கி, 20 திர்ஹாம் தாள்களாக மாற்றிக்கொண்டு உள்ளே போங்கள்.

அடுத்து விலை கேட்பது. "பிஷ்ஹால்?" என்றால் "எவ்வளவு?". புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: காய்கறி, பழம் விற்கும் வயதானவர்கள் சிலர் ரியாலில் விலை சொல்வார்கள். ரியால் என்று தாளும் இல்லை, நாணயமும் இல்லை, வாய்க்கணக்கு மட்டுமே. 20 ரியால் ஒரு திர்ஹாம். "ஆயிரம்" என்று காதில் விழுந்தால் 50 திர்ஹாம்தான். சந்தேகம் வந்தால் "திர்ஹாமா, ரியாலா?" என்று கேளுங்கள், செல்போனில் எண்ணைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கில் ஆரம்பிக்கலாம். ஆனால் நீங்கள் கேட்ட விலைக்கு அவர் சம்மதித்துவிட்டால் வாங்கியே ஆக வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. வாங்கும் எண்ணம் இல்லையென்றால் விலையே சொல்லாதீர்கள். பேரம் பிடிக்காதவர்களுக்கு முகம்மது ஐந்தாம் நிழற்சாலையிலுள்ள அரசுக் கைவினை வளாகமே நல்லது.

பாபூஷ் என்னும் தோல் செருப்பை வளைத்துப் பாருங்கள். அடித்தோலின் ஓரத்தில் நூல் தையல் தெரிய வேண்டும். வெறும் பசையில் ஒட்டியது சீக்கிரம் வாய் பிளக்கும். குங்குமப்பூவை இரண்டு இழை தண்ணீரில் போடுங்கள். மெதுவாக மஞ்சள் இறங்கி, இழை சிவப்பாகவே இருந்தால் நல்லது. போட்டதும் தண்ணீர் சிவந்தால் சாயம்.

பொழுது சாய்ந்ததும் ஜமா அல்-ஃப்னா சதுக்கத்துக்குப் போங்கள். கதைசொல்லிகளையும் க்னாவா இசைக்காரர்களையும் சுற்றிக் கூடும் வட்டத்துக்கு ஹல்கா என்று பெயர். இந்தச் சதுக்கத்தின் கலை மரபை 2001இல் யுனெஸ்கோ சிறப்பித்து அறிவித்தது. நின்று பார்த்தால் சில்லறை போடுங்கள். பாம்பாட்டியைப் படமெடுக்கும் முன்பே தொகையைப் பேசி முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியல் பார்த்தபின் உட்காருங்கள். கேட்காமலே வரும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் காசு உண்டு. வேண்டாமென்றால் கைவைக்குமுன் திருப்பி அனுப்புங்கள். அசைவம் சாப்பிடுபவர்கள் தஞ்சியாவைத் தவறவிடக் கூடாது: இறைச்சி, ஊறவைத்த எலுமிச்சை, சீரகம், பூண்டு எல்லாம் மண்குடுவையில் அடைத்து, பொதுக் குளியல் கூடத்தின் வெந்நீர் அடுப்புச் சாம்பலில் மணிக்கணக்காக வேகவைப்பது.

பின்சேர்க்கை, சைவர்களுக்கு: ஹரீரா சூப்பிலும் காய்கறிக் குஸ்குஸிலும்கூட (குஸ்குஸ் என்பது ரவை போன்ற கோதுமை உணவு) இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கலாம். "ப்லா ல்ஹம்", அதாவது இறைச்சி இல்லாமல், என்று சொன்னால் மட்டும் போதாது, இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறதா என்றும் தனியாகக் கேளுங்கள். ஸாலூக் என்னும் மசித்த கத்தரிக்காய்க் கூட்டு கிடைத்தால் ரொட்டியோடு அதுவே நல்ல சாப்பாடு.