நீலகிரிக்குச் சொகுசு கார் எடுத்துப் போகிறவர்களுக்கு

கோவை விமான நிலையத்தில் இறங்கியதும் ஒரு பெரிய ஜெர்மன் செடானை வாடகைக்கு எடுத்து, ஒரு வாரம் நீலகிரியில் சுற்றலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கும் கனடா, லண்டன், சிங்கப்பூர்ச் சொந்தங்களுக்காக எழுதுகிறேன். எடுக்காதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்? ஊரில் அந்த வண்டியில் போய் இறங்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் தெரிந்ததுதான். எடுப்பதாக இருந்தால் இதையெல்லாம் தெரிந்துகொண்டு எடுங்கள்.

முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நாமே ஓட்டுவதற்காக முறைப்படி வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். டிரைவரோடு வரும் டாக்சிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் அது யாரோ ஒருவரின் சொந்த வண்டி, வாடகைக்கு விட அனுமதி கிடையாது. சொகுசு வண்டி என்று கேட்டால் பெரும்பாலும் இந்த வெள்ளைப் பலகையைத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். "போலீஸ் கேட்டா ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லிடுங்க மேடம்" என்று சாவியோடு சேர்த்து ஒரு பொய்யையும் கையில் கொடுப்பார்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்சை வாடகை ஓட்டத்துக்குக் கேட்டால் கம்பெனி கைவிரித்துவிடும். மலையில் ஒரு தடுப்புச் சுவரில் உரசினாலும் அதன் செலவு உங்கள் தலையில்தான். எனக்கு முதலில் காட்டியதும் வெள்ளைப் பலகைதான். மாட்டேன் என்று அடம்பிடித்ததில் அரை நாள் போனது, கடைசியில் கறுப்புப் பலகை வந்தது. இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டைக் கிளம்பும் முன்பே நீங்கள் வசிக்கும் நாட்டில் வாங்கிவிடுங்கள். இந்தியாவுக்கு 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான பர்மிட்தான் வேண்டும். கூடவே அசல் லைசென்சும் கையில் இருக்கட்டும்.

வண்டி மாறியதில் இன்னொரு வம்பு வந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, வேண்டும். 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. டி.என். 43 என்று தொடங்கும் உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் இந்தத் தொல்லை இல்லை. பாஸ் வண்டி எண்ணுக்குத்தான், ஆளுக்கு இல்லை. கனடாவில், என் பிராம்ப்டன் வீட்டில் உட்கார்ந்து பழைய எண்ணுக்கு எடுத்து வைத்திருந்த பாஸ் கல்லாறு சோதனைச் சாவடியில் செல்லவில்லை. வெளிநாட்டு எண் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் வழியாகப் பதிவு செய்யலாம், அது ஒன்றுதான் ஆறுதல். பின்னால் ஹாரன் அடிக்க, ஓரங்கட்டி, போனில் மறுபடியும் முதலிலிருந்து நிரப்பினேன். சாவடியில் இருந்த காவலர் பின் இருக்கையை எட்டிப் பார்த்துவிட்டு, "டிரைவர் எங்கம்மா?" என்று கேட்டார். டிரைவர் நான்தான் என்றதும் வண்டியின் முன்பக்கத்தை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்தார். அங்கேயே தண்ணீர் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டில் இருந்தால் தப்பித்தீர்கள்.

இனி பாதை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். இந்தியாவில் விற்கும் மெர்சிடிஸ் ஈ-கிளாசும் பி.எம்.டபிள்யூ. 5 சீரிசும் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், நீட்டிய வகைகள், இரண்டுமே 5 மீட்டருக்கு மேல் நீளம். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து போகும் முதலாளிகளை மனதில் வைத்துச் செய்தவை. பர்லியாறு தாண்டி ஒரு வளைவில் அரசு பஸ் எதிரே இறங்கினால், உங்கள் வண்டியின் வால் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது சட்டம். ஆனாலும் பஸ் டிரைவர் கையைக் காட்டினால் நில்லுங்கள். எவ்வளவு இடம் வேண்டும் என்ற கணக்கு அவரிடம் இருக்கிறது. இறங்கும்போது ஸ்டியரிங் பின்னால் இருக்கும் கியர் மாற்றும் பட்டையைத் தட்டி இரண்டாம் கியரிலேயே பிடித்து வையுங்கள். ஆட்டோமேட்டிக் கியரை டி-யில் போட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் கருகிய வாடை வரும். ஒரு நல்ல செய்தியும் உண்டு: ஐரோப்பிய வண்டிகளில் இண்டிகேட்டர் இடது கைப்பக்கம்தான், கனடாவில் இருப்பது போலவே. மாருதியில் அது வலது கைப்பக்கம், எடுத்தால் திரும்புமிடமெல்லாம் வைப்பர்தான் ஆடும்.

இந்த வண்டியின் பெருமையே உள்ளே இருக்கும் அமைதிதான். மலையில் அதுதான் ஆபத்து. இரட்டைக் கண்ணாடிக்குள் ஒரு சத்தமும் நுழையாது. காட் ரோட்டில் ஹாரன் என்பது திட்டு அல்ல, தகவல். அடுத்த வளைவுக்கு அப்பால் லாரியா, ஜீப்பா, எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் டிரைவர் பக்கக் கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைத்து ஓட்டுங்கள். குளிரட்டும். இறக்கிய பிறகுதான் எனக்கு யூகலிப்டஸ் வாசம் வந்தது, காட்டேரி பக்கம் வந்ததும் டீ ஃபேக்டரியில் இலை வதங்கும் வாசமும் வந்தது. அருவங்காட்டில் அப்பா வேலை பார்த்த நாட்களில், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காதா என்று நான் அழுதது இந்த வாசத்துக்காகத்தான். அத்தனை பணம் கொடுத்து அதை அடைத்துச் சாத்திக்கொண்டு வந்திருந்தேன்.

அடுத்து, உறவுகள். இதை நிதானமாகப் படியுங்கள். வண்டி வாசலுக்கு வந்த நிமிடத்திலிருந்து அது உங்கள் வண்டி இல்லை.

கோத்தகிரியில் சித்தப்பா வீடு. வைகாசியில் அவர் மகள் கல்யாணம், மண்டபம் மேட்டுப்பாளையத்தில். நான் போய் இறங்கியதும் சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை, வண்டியைச் சுற்றி வந்தார். டயரைத் தொட்டுப் பார்த்தார். "அம்மிணி, பொண்ணு அழைப்புக்கு வேன் சொல்லியிருந்தேன். வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார். கேட்கவில்லை, தகவல் சொன்னார். வாடகை வண்டி, ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்றேன். "நீதானே ஓட்டப்போறே" என்றார். அதற்கு என்ன பதில் சொல்ல?

மறுப்பதற்கு இடமும் இல்லை. அப்பாவின் கடைசி வருடங்களில், மூச்சுத் திணறல் வந்த ராத்திரிகளில், பழைய ஆல்டோவில் பனிக்குள் கோவை ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போனவர் சித்தப்பா. நான் வாட்ஸப் வீடியோவில் இருந்தேன். அந்த ஆல்டோவுக்கு யார் பெட்ரோல் போட்டார்கள் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆக, உங்களுக்கும் இப்படி ஒரு சித்தப்பா இருந்தால் பேசிப் பார்க்கிற வேலையே வேண்டாம். சரி என்று சொல்லிவிட்டு, சேதாரத்தைக் குறைக்கும் வழியை மட்டும் பாருங்கள்.

பூ அலங்காரக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: முன் கிரில், பம்பர், கண்ணாடியின் உச்சி நடுப்பகுதி, இந்த மூன்று இடத்திலும் ஒரு இதழ்கூட ஒட்டக்கூடாது. ரேடார், சென்சார், கேமரா எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் வேலையை முடித்திருந்தார். கிரில் முழுக்க ரோஜா, நடுவில் ஜெர்பரா வட்டம், கதவு இடுக்கில் எல்லாம் மல்லிகைச் சரம், எல்லாமே இரட்டைப் பக்க டேப்பில். கிளப்பியதும் வண்டி அலற ஆரம்பித்தது. திரையில் சிவப்பாக ஒரு வளையம்.

"என்னவாம் அதுக்கு?" என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த சித்தப்பா.

"முன்னாடி ஏதோ தடை இருக்குன்னு சொல்லுது சித்தப்பா."

"கல்யாணப் பூவைத் தடைங்குதா?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. காரைப் பார்த்துக் கோபப்பட்டார்.

ரிவர்ஸ் எடுத்தால் அதுவாகவே பிரேக் பிடித்தது, தொங்கிய சரத்தை ஆள் என்று நினைத்துக்கொண்டு. சத்தத்தை அணைக்கும் வழியை மெனுவில் தேடிப் பிடித்தபோது நல்ல நேரம் முடிய கொஞ்ச நேரமே இருந்தது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், முழுக்க இறக்கம், வளைவு. பஞ்சு போன்ற சஸ்பென்ஷன் வளைவுகளில் ஆடுகிற ஆட்டம் பின் இருக்கைக்குத்தான் அதிகம் தெரியும். பட்டும் நகையுமாகப் பின்னால் இருந்த தங்கச்சி பாதி வழியில் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடியை இறக்கினால் மல்லிகைச் சரம் அறுந்து உள்ளே விழுகிறது. கதவைத் திறக்கலாம் என்றால் கைப்பிடி மேலேயே டேப். சித்தி தன் முந்தானையை ஏந்தி உட்கார்ந்திருந்தார். குஞ்சப்பனை தாண்டி ஓரிடத்தில் நிறுத்தி, சித்தப்பா வெளியிலிருந்து சரத்தைப் பிய்த்துக் கதவைத் திறந்தார். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி பத்து நிமிடம் மதில் ஓரமாக நின்றாள் பெண். அப்போது எங்களைக் கடந்து ஒரு வேன் இறங்கியது. சித்தப்பா வேண்டாம் என்று சொன்ன வேன்தான், சொந்தக்காரர்களோடு. கையசைத்துக்கொண்டே போனார்கள்.

மண்டபத்தில் பெரியப்பா மகன் சாவியைக் கேட்டார், மாப்பிள்ளையை ஒரு ரவுண்டு கூட்டிப்போக. இந்த ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் கறுப்புப் பலகையின் இன்சூரன்சும் காப்பாற்றாது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன். "கனடா போனா புத்தி இப்படித்தான்" என்று காதில் விழுகிற மாதிரிச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு பாயசம் குடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது இன்னொன்று தெரியவந்தது. கோடை சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று போலீஸ் ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். கோத்தகிரிக்குப் போக வேண்டிய நாங்கள் மறுபடியும் கல்லாறு, பர்லியாறு, குன்னூர் என்று சுற்றினோம், காய்ந்த ரோஜாவோடு. சாவடியில் மறுபடியும் இ-பாஸ்.

மறுநாள் நான் எழுந்திருக்கும் முன்பே, உதவியாக இருக்கட்டும் என்று வீட்டுப் பையன்கள் டேப்பைச் சுரண்டி வைத்திருந்தார்கள். இரும்பு ஸ்கேலால். பானெட்டில் மூன்று நீளக் கோடுகள், வெயில் பட்டால் நன்றாகத் தெரியும். அதனால் எழுதிக்கொள்ளுங்கள்: டேப் பசையை ஹேர் டிரையரில் சூடாக்கி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்தால் வந்துவிடும். வண்டி எடுக்கும்போது நான்கு பக்கமும், குனிந்து அடிப்பாகத்தையும் போனில் வீடியோ எடுத்து, அங்கேயே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். வேகத்தடைகளில் அடி தட்டியதற்குத் தனியாக ஒரு தொகை கேட்டார்கள். பழைய கீறல் வீடியோவில் இருந்ததால் அது போயிற்று. பானெட்டுக்கு முழு பெயின்ட் என்று அட்வான்சில் 42,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்க நினைக்காதீர்கள். 36 கொண்டை ஊசி, வெளியூர் வண்டியை விடமாட்டார்கள், கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் பொழுது சாய்ந்தால் காட்டெருமை ரோட்டில் நிற்கும். ஹாரனும் வேண்டாம், லைட்டை அணைத்து அணைத்துப் போடவும் வேண்டாம், அது நகரும்வரை இருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் வடகிழக்குப் பருவமழையைக் கணக்கில் வையுங்கள். 2009 நவம்பரில் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் செத்த மலை இது, மழை வலுத்தால் மலை ரயிலும் நின்றுவிடும். குன்னூர் மார்க்கெட்டுக்குள் பெரிய வண்டியைக் கொண்டுபோகாதீர்கள், திருப்ப இடமில்லை.

வீம்புக்கு வேண்டுமானால் சமவெளியில் அந்தக் காரை ஓட்டிக்கொள்ளுங்கள், கோவை சாலைகளுக்கு அது அருமையான வண்டி. மலைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து டிரைவரோடு ஒரு டி.என். 43 டாக்சி போதும். இ-பாஸும் வேண்டாம், ஜன்னலும் திறக்கும்.

கோத்தகிரிச் சொந்தங்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அந்த 42,000 ரூபாய் விஷயம் சித்தப்பாவுக்குத் தெரியாது. யாரும் சொல்லிவிடாதீர்கள்.