104 அடித்த அன்று மாலை என்ன செய்வது?

கோல்ஃபில் 18 ஹோலையும் (குழியையும்) எவ்வளவு குறைந்த ஸ்ட்ரோக்கில், அதாவது அடியில், முடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. வழக்கமாக 90-ஐ ஒட்டி ஆடுகிற ஒருவர் ஒருநாள் காலையில் 104 அடித்துவிட்டால், வீட்டுக்கு வந்ததும் முதலில் திறப்பது ஸ்விங் (கிளப்பைச் சுழற்றும் விதம்) பற்றிய வீடியோக்களைத்தான். நள்ளிரவு வரை பார்த்துவிட்டு, அடுத்த வாரம் புதுப் பிடி, புது பேக்ஸ்விங் என்று போய் நின்றால் ஸ்கோர் இன்னும் ஏறும். பெங்களூரில் என்னோடு ஆடும் நண்பர்கள் பலரும் இந்தச் சுழலில் மாட்டியிருக்கிறார்கள். நானும் மாட்டி, வெளியே வந்திருக்கிறேன். வெளியே வந்த வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். என் கட்சி இதுதான்: ஸ்ட்ரோக்குகள் எங்கே போயின என்று எண்ணிப் பார்க்காமல் ஸ்விங்கைத் தொடக் கூடாது.

பார் (ஒரு ஹோலுக்கு வகுத்த ஸ்ட்ரோக் எண்ணிக்கை), போகி (பாரைவிட ஒன்று அதிகம்; இரண்டு அதிகமானால் டபுள் போகி), ஓபி (எல்லைக்கு வெளியே போன பந்து), ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்), இவ்வளவு தெரிந்தால் போதும்.

படி 1: கார்டைக் கொடுத்துவிடுங்கள்

மோசமான ஸ்கோர் கார்டைப் பதிவு செய்யாமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடத் தோன்றும். வேண்டாம். 2020-இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் உங்கள் கடைசி 20 ரவுண்டுகளில் சிறந்த 8 மட்டும்தான் சராசரிக்குப் போகும். மீதி 12 கணக்கிலேயே வராது. ஒவ்வொருவருக்கும் மோசமான நாட்கள் வரும் என்பதை அந்த முறையே ஏற்றுக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது.

இன்னொன்று. ஒரே ஹோலில் 10 அடித்திருந்தாலும் ஹேண்டிகேப் கணக்குக்கு அந்த 10 அப்படியே போகாது. நெட் டபுள் போகிதான் உச்சம். பார் 4 ஹோல், அதில் ஹேண்டிகேப்படி உங்களுக்கு ஒரு ஸ்ட்ரோக் சலுகை கிடைக்கிறது என்றால் பார் 4, டபுள் போகிக்கு 2, சலுகை 1 சேர்த்து 7 என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இது தெரிந்தால் பாதி பாரம் இறங்கிவிடும்.

படி 2: அன்றைக்கே பயிற்சி ரேஞ்சுக்குப் போகாதீர்கள்

கோபத்தோடு இரண்டு கூடைப் பந்து அடித்தால் அந்தக் கோபத்தின் ஸ்விங்தான் உடம்பில் ஏறும். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

போகிற வழியில் அதிதி அசோக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் பிறந்து, இங்கேயே கோல்ஃப் கற்றவர். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்றாவது ரவுண்டில் 61 அடித்தார், அதாவது பாரைவிட 11 குறைவு. ஏழு ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசி நாள் இறங்கினார். அன்று 77. தங்கம் கைநழுவி வெள்ளி கிடைத்தது. அதே கோர்ஸ், அடுத்தடுத்த நாள், 16 ஸ்ட்ரோக் வித்தியாசம். ஒரே இரவில் அவருடைய ஸ்விங் கெட்டுப்போய்விட்டது என்று யாராவது சொல்ல முடியுமா? அதே ஆண்டு நவம்பரில் ஸ்பெயினில் நடந்த ஐரோப்பிய மகளிர் டூர் போட்டியில் அவர்தான் வென்றார். உலகத் தரத்தில் ஆடுகிறவருக்கே ஒரு நாளில் இவ்வளவு ஏறி இறங்குகிறது என்றால், நம்முடைய 104-க்கு ஸ்விங்கைக் கழற்றிப் போட வேண்டியதில்லை.

படி 3: மாலையில் கார்டைப் பிரித்துப் பாருங்கள்

நினைவு மங்குவதற்குள் இதை முடித்துவிட வேண்டும். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஷாட்டைக் கணக்கெடுக்கும் சென்சார், கைக்கடிகாரம், செயலி எல்லாம் இருக்கின்றன. நான் நோட்டைத்தான் சொல்வேன். செயலி எல்லாவற்றையும் தானே எண்ணிவிடுவதால் நாம் யோசிப்பதில்லை. இங்கே தேவைப்படுவது யோசனைதான்.

18 ஹோலுக்கும் வரிசையாக இவற்றை மட்டும் குறியுங்கள்: ஓபி, தண்ணீர், மூன்று பட் (குழி இருக்கும் கிரீனில் பந்தை உருட்டி உள்ளே போட மூன்று அடி ஆனது), தரையில் குத்தி அங்கேயே விழுந்த சிப் (கிரீனுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் சின்ன ஷாட்). பிறகு கூட்டுங்கள். ஓபி ஒன்றுக்கு 2 ஸ்ட்ரோக். பெனால்டி ஒன்று, வீணான ஷாட் ஒன்று. மற்ற மூன்றுக்கும் தலா 1.

உதாரணத்துக்கு ஒரு 104 கார்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஓபி இரண்டு, தண்ணீர் ஒன்று, மூன்று பட் ஐந்து தடவை, வீணான சிப் மூன்று. 4, 1, 5, 3, ஆக மொத்தம் 13. கழித்தால் 91. வழக்கமாக ஆடும் ஆட்டம் அந்த 104-க்குள்ளேயே இருக்கிறது. இந்த 13-இல் டிரைவர் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) ஸ்விங்கோடு சம்பந்தப்பட்டது எவ்வளவு என்று பாருங்கள். ஓபி இரண்டையும் அதன் கணக்கில் எழுதினாலும் 4-தான். எட்டு ஸ்ட்ரோக் கிரீனிலும் அதைச் சுற்றியும் போயிருக்கிறது. ஆனால் அன்று இரவு தேடியது டிரைவர் வீடியோ.

படி 4: ஹோலைக் கெடுத்த ஷாட்டைக் கண்டுபிடியுங்கள்

நான் நெடுநாள் தடுக்கி நின்ற இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

நமக்கு நினைவில் நிற்பது ஹோலின் கடைசி ஷாட். ஆனால் ஹோலைக் கெடுத்தது பெரும்பாலும் அதற்கு இரண்டு மூன்று ஷாட் முன்னால் இருக்கும். ஒரு பார் 4. முதல் ஷாட்டான டிரைவ் வலப்பக்கம் மரங்களுக்குள் போய்விட்டது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு இடைவெளி தெரிந்தது, 5 அயர்ன் கிளப்பை எடுத்து அடித்தீர்கள். பந்து மரத்தில் பட்டு இன்னும் உள்ளே போனது. மூன்றாவது ஷாட்டில் வெளியே வந்தீர்கள். நான்காவது பங்கரில் (மணல் பள்ளத்தில்) விழுந்தது. ஐந்தாவது கிரீனுக்கு வந்தது, ஆனால் கொடியிலிருந்து வெகுதூரம். அப்புறம் மூன்று பட். மொத்தம் 8.

அன்று மாலை நண்பரிடம் என்ன சொல்வீர்கள்? "இன்னைக்கு பட்டிங் சரியில்லப்பா" என்பீர்கள்.

இப்போது முதல் ஷாட்டிலிருந்து வரிசையாக ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த ஷாட்டுக்குப் பிறகும் போகி அடிக்க நியாயமான வாய்ப்பு இருந்ததா? டிரைவுக்குப் பிறகு இருந்தது. பந்தைப் பக்கவாட்டில் ஃபேர்வேக்கு (புல் வெட்டிய நடுப்பாதைக்கு) தட்டியிருந்தால் 2, கிரீனுக்கு 3, இரண்டு பட், ஆக 5. மரங்களுக்கு நடுவே அடித்த 5 அயர்னுக்குப் பிறகு அந்த வாய்ப்பு போய்விட்டது. ஆகவே ஹோலைக் கெடுத்தது இரண்டாவது ஷாட். அதற்கு ஒரு வட்டம் போடுங்கள். டபுள் போகியோ அதற்கு மேலோ போன ஒவ்வொரு ஹோலுக்கும் இப்படி ஒரே ஒரு வட்டம்.

வட்டத்துக்குப் பக்கத்தில் 'மு' அல்லது 'கை' என்று எழுதுங்கள். 'மு' என்றால் முடிவு தவறு. 'கை' என்றால் முடிவு சரி, அடித்தது சரியில்லை.

சிக்கலே இங்கேதான். எழுத உட்கார்ந்தால் எல்லாமே 'கை' என்றுதான் தோன்றும். மோசமாக அடிபட்ட உணர்வு கையில் இன்னும் இருக்கும் அல்லவா? 'மு' ஒன்றுகூட வராது. இதை உடைக்க எனக்கு உதவியது என் கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வரும் கேடி (caddie) அண்ணன் ஒருநாள் சொன்னது. அல்சூர்க்காரர், தமிழிலேயே பேசுவார். "சார், நீங்க அடிக்கிறது பரவால்ல. எதை எடுத்து அடிக்கிறீங்கன்னு பாருங்க. அதே எடத்துல பத்துப் பந்து போட்டா எத்தன தாண்டும்?"

அதையே சோதனையாக வைத்துக்கொண்டேன். அதே இடம், அதே கிளப், பத்துப் பந்து. நினைத்த பக்கம் குறைந்தது ஏழு போகுமா? போகும் என்றால் 'கை'. போகாது என்றால் 'மு', எவ்வளவு மோசமாக அடித்திருந்தாலும் சரி. கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் கோர்ஸில் பல ஹோல்களில் தண்ணீர் இருக்கிறது. அங்கே இடப்பக்கம் தண்ணீர் இருக்கும்போது டிரைவர் எடுத்து ஹூக் ஆகி (பந்து இடப்பக்கம் வளைந்து) உள்ளே போனால் கை செய்த தப்பு போலத்தான் தெரியும். ஆனால் நம் டிரைவரில் பத்தில் நான்கு பந்து இடப்பக்கம் போகும் என்றால், அங்கே டிரைவரை உருவியதே முடிவுத் தவறு. 1876-இல் தொடங்கி இப்போது நகரின் நடுவே இருக்கும் பெங்களூர் கோல்ஃப் கிளப் மாதிரி நெருக்கமான கோர்ஸில் இந்தக் கேள்வி இன்னும் அடிக்கடி வரும்.

இந்தச் சோதனையை நேர்மையாகப் போட்டால் வட்டங்களில் பாதிக்கு மேல் 'மு' ஆகிவிடும். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இது. முடிவை மாற்ற பயிற்சி தேவையில்லை, அடுத்த ரவுண்டிலேயே மாற்றிவிடலாம்.

படி 5: ஒன்றை மட்டும் பயிற்சி செய்யுங்கள்

'கை' என்று எழுதியவற்றையும் படி 3 கூட்டலையும் சேர்த்துப் பார்த்து, எதில் அதிகம் போயிருக்கிறதோ அதை மட்டும் எடுங்கள். அந்த வாரம் வேறு எதையும் தொடாதீர்கள்.

மூன்று பட் என்றால் குறி அல்ல, தூரம்தான் கோளாறு. தொழில்முறை டூர் ஆட்டக்காரர்களே 8 அடி பட்டில் சுமார் பாதியைத்தான் போடுகிறார்கள். நாம் 30 அடியிலிருந்து நேராகக் குழிக்குள் போடப் பார்ப்பது வீண். குழியைச் சுற்றி 3 அடிக்கு டீக்களை (பந்தைத் தாங்கும் சின்ன ஆணிகளை) நட்டு வட்டம் போட்டு, 30 அடியிலிருந்து மூன்று பந்தும் அதற்குள் நிற்கும்வரை அடியுங்கள். பந்துகளை ஒவ்வொரு முறையும் வேறு பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கை அந்த ஒரு பக்கத்து வேகத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிடும்.

சிப் என்றால் புல்லில்தான் பயிற்சி. ரேஞ்ச் மேட் பொய் சொல்லும். பந்துக்குப் பின்னால் குத்தினாலும் கிளப் மேட்டில் வழுக்கிப் பந்தைத் தூக்கிவிடும், நல்ல ஷாட் போலவே இருக்கும். புல்லில் ஒரு துண்டை மடித்துப் பந்துக்கு ஒரு சாண் பின்னால் வையுங்கள். துண்டைத் தொடாமல் பந்தை எடுக்க வேண்டும். காசு செலவில்லாத இந்தப் பயிற்சிக்கு இணையாக விலை கொடுத்து வாங்கும் எந்தச் சாதனத்தையும் நான் சொல்ல மாட்டேன்.

சாதனம் என்று வந்ததால் ஒன்று. மோசமான ரவுண்டு நடந்த வாரத்தில் புது டிரைவர் வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் தூரத்தை அளக்கும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குங்கள், 'மு' பக்கத்துக்கு அது உதவும். மேடு பள்ளத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ஸ்லோப் வசதியைப் போட்டியில் அணைத்து வைக்க வேண்டும், விதி அப்படி.

படி 6: அடுத்த ரவுண்டு

ஒரு வாரத்துக்குள் ஆடுங்கள். நேரமில்லை என்றால் 9 ஹோல் போதும். முடிந்தால் ஹோலுக்கு ஹோல் பாயின்ட் சேர்க்கும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடுங்கள். நெட் டபுள் போகி ஆனதும் அந்த ஹோலில் பாயின்ட் கிடையாது, பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஹோல் தொடங்கும் இடத்துக்கு நடக்கலாம். ஒரு ஹோல் மொத்த நாளையும் விழுங்காது.

முதல் மூன்று ஹோலுக்கு என்ன கிளப் என்பதை வீட்டிலேயே எழுதி வைத்துவிடுங்கள். அங்கே போய் மாற்றாதீர்கள். பத்தில் ஏழு சோதனையில் தேறிய கிளப்பாக இருக்கட்டும், அது 7 அயர்னாக இருந்தாலும் சரி.

மறுபடியும் ஒரு ஹோல் கெட்டால்? கெடும். நான் செய்வது: க்ளவுஸைக் கழற்றிப் பையில் மாட்டும்வரை எவ்வளவு வேண்டுமானாலும் வருத்தப்படலாம். மாட்டியபின் அந்த ஹோலைப் பற்றிப் பேச்சே கிடையாது. கூட ஆடுகிறவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன், அவர்களும் கேட்பதில்லை. "போன ஹோல்ல என்னாச்சு?" என்று ஆறுதலாகக் கேட்பவர்தான் ஆட்டத்தை அதிகம் கெடுப்பார்.

பின்சேர்க்கை 1

மோசமான ரவுண்டு கணக்கில் வராது என்றீர்களே, எனக்கு ஹேண்டிகேப் ஏறிவிட்டதே என்று ஒருவர் கேட்டிருந்தார். புது கார்டு உள்ளே வரும்போது 20-இல் மிகப் பழையது வெளியே போகும். போன அந்தக் கார்டு உங்கள் சிறந்த 8-இல் ஒன்றாக இருந்திருந்தால் சராசரி ஏறும். ஏற்றியது புது 104 அல்ல, கழன்றுபோன பழைய நல்ல கார்டு. 20 கார்டு இன்னும் சேராதவர்களுக்குக் கணக்கு வேறு. 5 கார்டு மட்டும் இருந்தால் அதில் சிறந்த ஒன்றை மட்டுமே எடுப்பார்கள்.

பின்சேர்க்கை 2

18 ஹோலையும் வீட்டுக்கு வந்து நினைவுகூர முடியவில்லை என்று சிலர் சொன்னார்கள். ஆடும்போதே கார்டின் ஓரத்தில் பட் எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அதைப் பார்த்தாலே மற்ற ஷாட்டுகள் நினைவுக்கு வரும். அப்படியும் வராவிட்டால் டபுள் போகிக்கு மேல் போன ஹோல்களை மட்டும் பிரித்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை 3

சென்னையிலிருந்து இங்கே மாறி வந்த ஒருவருக்கு அயர்ன் ஷாட்டெல்லாம் கிரீனைத் தாண்டிப் போகிறதாம், ஸ்விங்கில் என்ன கோளாறு என்று கேட்கிறார். கோளாறு இருக்க வேண்டியதில்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு, பந்து கூடுதலாகப் பறக்கும். 150 கஜம் போகும் ஷாட்டுக்கு ஐந்து கஜம் வரை கூட்டி வைத்துக்கொள்ளலாம். வந்த புதிதில் ஒவ்வொரு அயர்னும் இங்கே எவ்வளவு போகிறது என்று ரேஞ்சில் அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்குப் போய் ஆடும்போது பழைய கணக்குக்கு மாற வேண்டும்.